காலிப் பாக்கெட்டுக்கு விலை என்ன?

ஒரு ரூபாய்க்கு இக்காலத்தில் என்ன கிடைக்கும் என்று யாரையாவது கேட்டால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். சிவகாசித் தீப்பெட்டி கூடப் பதினான்கு ஆண்டுக் காலம் ஒரு ரூபாயில் நின்றுவிட்டு, 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதியன்று இரண்டு ரூபாய்க்கு ஏறிவிட்டது. ஆயினும், எந்தத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனாலும், கல்யாணப் பந்தலில் மாலை தொங்குவதுபோல் சரம் சரமாக ஒரு சரக்குத் தொங்குகிறது. அதன் விலை மட்டும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற அளவை விட்டு நகர மறுக்கிறது. தலைக்குத் தேய்க்கும் ஷாம்புப் பாக்கெட்டைத்தான் சொல்கிறோம்.

பார்ப்பதற்கு அற்பமான இந்தப் பாக்கெட்டில் பொருளாதார சாஸ்திரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. குடும்பத்தின் சிக்கனம் இதில் இருக்கிறது. வியாபாரியின் யுக்தி இருக்கிறது. ஊரின் சாக்கடை அடைத்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. முதல் இரண்டைப் பற்றியும் அனேகர் நன்கு யோசித்திருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேச்சு வரும்போதுதான், "நம் ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, கண்ட இடத்தில் எறிகிறார்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு நியாயந்தானா என்று சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

கடலூரில் பிறந்த யோசனை

இந்தப் பாக்கெட்டு வியாபாரத்தின் சரித்திரம் நம் தமிழ்நாட்டுடன் நெருங்கிய சம்பந்தமுடையது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். வேளாண்மையோடு மருந்துச் சரக்குத் தொழிலும் நடத்தி வந்தவர். பணக்காரர் வீட்டில் புழங்கும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்ஷாக்காரரும் வாங்கக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஷாம்பு சீசாவை விலை குறைத்து விற்பது எளிதல்ல. ஆனால் ஒரு வேளைக்கு வேண்டிய ஷாம்புவை மட்டும் ஒரு சிறு உறையில் அடைத்து விற்கலாம் அல்லவா? சீசாவிலேயே ஷாம்பு விற்ற காலத்தில் இப்படி நினைத்ததே ஒரு புரட்சிதான்.

அவர் காலமான பிறகு புதல்வர்கள் அந்த யோசனையை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983ல் பதினையாயிரம் ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார். தகப்பனார் பெயரின் எழுத்துக்களைச் சேர்த்துத் தம் ஷாம்புவுக்கு "சிக்" என்று பெயரிட்டார். அந்தச் சிறு தொழில்தான் பின்னாளில் கெவின்கேர் என்னும் பெரிய கம்பெனியாயிற்று. வெளிநாட்டுப் பெருங்கம்பெனிகள் சீசாவோடு நகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கடலூர்க்காரர்கள் பாக்கெட்டோடு கிராமத்துக்குள் புகுந்துவிட்டார்கள். பிறகு பெருங்கம்பெனிகளும் அதே வழிக்கு வந்து சேர்ந்தன. சுதேசித் தொழில் முயற்சியில் இது பெருமைக்குரிய அத்தியாயமே.

இவ்வத்தியாயத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு பக்கம் உண்டு. சிக் ஷாம்பு கடைக்கு வந்த ஆரம்ப காலத்தில், அக்கம்பெனியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பெனியின் ஷாம்புப் பாக்கெட்டானாலும் சரி, காலியான ஐந்து உறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இனாம். ஜனங்கள் காலி உறைகளைத் தேடி எடுத்துக் கொண்டுவந்தார்கள். சில காலம் கழித்து, சிக் உறைகளை மட்டுமே ஏற்றுக்கொள்வோம் என்று திட்டத்தை மாற்றினார்கள். விற்பனை பன்மடங்கு உயர்ந்தது.

இது ஊர் சுத்தத்துக்காகச் செய்த காரியமல்ல. பிறர் சரக்கை வாங்குவோரைத் தம் பக்கம் இழுக்கச் செய்த வியாபார யுக்தி. ஆயினும் அதிலிருந்து ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. காலி உறைக்கு ஒரு விலை வைத்தால், அது தெருவில் கிடப்பதில்லை; தானே கடைக்கு நடந்து வருகிறது. அதே ஜனங்கள், அதே தெரு. எறிவதும் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்களுடைய படிப்பைப் பொறுத்ததாக இல்லை. உறையின் விலையைப் பொறுத்ததாக இருந்தது.

வீட்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

"பாக்கெட் வாங்காதீர்கள், பெரிய சீசாவாக வாங்குங்கள், குப்பையும் குறையும், பணமும் மிஞ்சும்" என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. பல பொருள்களில் இந்த உபதேசம் சரிதான். பருப்பையும் அரிசியையும் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நம் பாட்டிமார் அறிந்த கணக்கு. ஆனால் ஷாம்பு விஷயத்தில் கணக்கு அனேகமாகத் தலைகீழாக இருக்கிறது! அதே கம்பெனியின் அதே ஷாம்பு, சீசாவில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்கினால் மில்லிக்கு மில்லி மலிவாக இருப்பதை நம் நாட்டுக் கடைகளில் அடிக்கடி காணலாம்.

கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் 6 மில்லி. விலை 1 ரூபாய். ஒரு சீசாவில் 180 மில்லி. விலை 100 ரூபாய். சீசாவில் உள்ள அளவு 30 பாக்கெட்டுக்குச் சமம். ஆக, 30 ரூபாயில் தீரும் காரியத்துக்குச் சீசாக்காரர் 100 ரூபாய் கொடுக்கிறார். நேயர்கள் தங்கள் கடையில் உள்ள உண்மையான விலைகளை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சீசா வாங்குவோர் விலையைக் கவனிக்காதவர்கள், பாக்கெட் வாங்குவோர் காசு காசாக எண்ணுகிறவர்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். அவரவர் சக்திக்குத் தக்கபடி விலை வைக்கிறது, அவ்வளவுதான்.

நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அன்றாடம் வரும் கூலியில் அன்றாடச் செலவுதான் முடியும். 100 ரூபாயை ஒரே நாளில் ஷாம்புவில் முடக்க முடியாது. மேலும், சீசாவைச் சாய்த்தால் கை தாராளமாகிவிடும். பாக்கெட்டோ தானே அளவு வைத்துவிடும். ஆகவே, பாக்கெட் வாங்கும் ஏழைத் தாய் கணக்குத் தெரியாதவள் அல்ல. அவளுடைய கணக்கு மிகவும் சரியான கணக்கு. அவளிடம் போய்ப் பூமியைக் காப்பாற்றுவதற்காகச் சீசா வாங்கு என்று சொல்வது, தர்மத்தின் பெயரால் அவளிடம் அபராதம் கேட்பதாகும்.

கம்பெனிகளின் மற்றொரு யுக்தியையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்னும் விலைகள் வாங்குவோர் மனத்தில் ஆணியடித்தாற்போல் நிற்பவை. மூலப்பொருள் விலை ஏறினால், கம்பெனி அந்த விலையைத் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் எடையைச் சற்றுக் குறைத்துவிடுகிறது. பிஸ்கட்டானாலும் சோப்பானாலும் இதே கதைதான். ஆகவே குடும்பத் தலைவிகள் விலையைப் பார்ப்பதோடு நிகர எடையையும் பார்க்கப் பழக வேண்டும். 2021ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பொட்டலப் பொருள்கள் பலவற்றின்மேல் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான், பெரிய எழுத்து விளம்பரங்கள் எல்லாவற்றையும்விட உண்மை பேசுவது.

கணக்கில் வராத செலவு

அப்படியானால் பாக்கெட் மலிவு என்று முடிவு செய்துவிடலாமா? ஒரு செலவு மட்டும் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. நாலு பேர் உள்ள குடும்பம். ஒவ்வொருவரும் வாரத்துக்கு இருமுறை தலை முழுகுகிறார்கள். தலைக்கு ஒரு பாக்கெட். வாரத்துக்கு 8, வருஷத்துக்கு 416 உறைகள். ஷாம்பு தண்ணீரோடு போய்விட்டது. இந்த 416 உறைகள் எங்கே போயின?

இவ்வுறை ஒரே பொருளால் ஆனதன்று. வழவழப்பாக அச்சிடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் படலம். ஈரமும் காற்றும் புகாமலிருக்க அலுமினியப் பூச்சு அல்லது தகடு. சூட்டில் ஒட்டி மூடுவதற்கு வேறொரு பிளாஸ்டிக் படலம். இவையெல்லாம் காகிதத்தைவிட மெல்லியனவாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஷாம்புவைப் பல மாதம் கெடாமல் காப்பது இந்த ஒட்டுதல்தான். உறையை மீண்டும் உருக்கிப் பயன்படுத்த முடியாமல் செய்வதும் இதே ஒட்டுதல்தான். பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம்.

இதைப் பால் உறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவின் பால் உறை ஒரே வகை பிளாஸ்டிக்கால் ஆனது. நம் வீடுகளில் பெண்மணிகள் அதைக் கழுவிக் காயவைத்து, சேர்த்து வைத்து, பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுகிறார்கள். குப்பை பொறுக்குவோரும் அதை விடுவதில்லை. ஷாம்பு உறையை அவர்கள் ஏன் எடுப்பதில்லை? ஒன்று எடுத்தால் ஒரு கிராம் தேறாது. நாள் முழுவதும் குனிந்து பொறுக்கினாலும் வாங்குவாரில்லை. குப்பை பொறுக்கும் ஏழையும் கணக்குத் தெரிந்தவர்தான்.

எவரும் எடுக்காத உறை மழைநீரோடு சாக்கடைக்குப் போகிறது. அல்லது குப்பைமேட்டில் எரிந்து புகையாகிறது. அல்லது ஏரியிலும் ஆற்றிலும் சேர்ந்து கடலுக்குப் போகிறது. சாக்கடை அடைப்பை எடுக்க நகராட்சி ஆள் வைக்கிறது. அந்தச் செலவு நம் வரியிலிருந்து போகிறது. அடைப்பினால் தெருவில் தண்ணீர் தேங்கினால், முதலில் வெள்ளம் புகுவது தாழ்வான இடத்தில் குடியிருக்கும் ஏழை வீட்டில். ஒரு ரூபாய் விலையில் உறை செய்யும் செலவு அடங்கியிருக்கிறது; உறையை அப்புறப்படுத்தும் செலவு அடங்கவில்லை. அதனால்தான் அது ஒரு ரூபாய்க்கு விற்கிறது.

சட்டம் செய்தது என்ன?

சர்க்கார் சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று தைரியமாகக் கூறின. ஆனால் 2018ல் வந்த திருத்தம், எரித்துச் சக்தி பெறவோ வேறு உபயோகத்துக்கோ உதவாத உறைகள் மட்டுமே ஒழிய வேண்டும் என்று பொருள்படும்படி அந்த வாக்கியத்தை மாற்றிவிட்டது. எதையும் எரிக்கலாம் அல்லவா? ஆகவே உறை பிழைத்துக்கொண்டது. 2022 ஜூலை முதல் தேதி தேசம் முழுவதும் சில பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டபோது, உறிஞ்சு குழலும் கரண்டியும் கோப்பையும் பட்டியலில் ஏறின. ஷாம்பு உறை ஏறவில்லை.

2022 பிப்ரவரியில் வெளியான விதிகள் வேறொரு வழியை வகுத்தன. தன் பெயரில் சரக்கை விற்கும் கம்பெனி, தான் ஊருக்குள் விடும் உறைகளின் அளவுக்கு ஏற்பக் கழிவைத் திரும்ப எடுத்துச் செயலாக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கொள்கை மிக நல்ல கொள்கை. ஆனால் கம்பெனி தானே வந்து பொறுக்க வேண்டுமென்பதில்லை. கழிவைச் செயலாக்குவோரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். ஆகவே கம்பெனியின் ஏட்டில் உறை தீர்ந்துபோனாலும், நம் தெருச் சாக்கடையில் தீர்ந்துபோகும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கம் தொடங்கிற்று. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக வந்து, பல வருஷம் கறிகாய் சுமந்து, கடைசியில் கரித்துணியாகும் மஞ்சள் பைக்கு மறுபடியும் மரியாதை கிடைத்தது நமக்கு மகிழ்ச்சியே. பையை நாம் கையில் கொண்டுபோகலாம். ஆனால் பைக்குள் விழும் சரக்கெல்லாம் புதுப்புது உறையில் வந்தால், மஞ்சப்பை என்ன செய்யும்?

சில்லறை குற்றமன்று

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நம் ஜனங்களின் பழைய வழக்கம், அது குற்றமன்று. முன்காலத்தில் அரை ஆழாக்கு எண்ணெய் வாங்க மளிகைக் கடைக்குப் பிள்ளைகள் சீசாவின் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் புனலை வைத்து அளந்து ஊற்றுவார். புளியும் மிளகாயும் பழைய காகிதத்தில் பொட்டலமாகும். வாங்கிய அளவு சிறிது. ஆனால் மிஞ்சிய குப்பை அனேகமாகப் பூஜ்யம். பாத்திரம் நம்முடையது, சரக்கு மட்டும் கடைக்காரருடையது என்ற ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். 1998ல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்துவிட்டதால் நீர்க்கோவை நோய் பரவி, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூடி முத்திரையிட்ட உறை, கலப்படத்துக்கு ஒரு காவல் என்பது உண்மை. வாயில் போடும் பொருளில் அந்தக் காவல் அவசியம். ஆனால் சோப்புத் தூளுக்கும், பாத்திரம் துலக்கும் திரவத்துக்கும், ஷாம்புவுக்கும் அதே வகைக் காவல்தான் வேண்டுமா என்பது யோசிக்கத்தக்கது.

தென் அமெரிக்காவில் சிலி என்னும் தேசத்தில் இதை ஒரு வாலிபர் யோசித்தார். அங்கே நம் ஊருக்கு நேர்மாறாக, சிறு பொட்டலம் வாங்கும் ஏழைதான் அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தார். மோலர் என்னும் அவ்விளைஞர் 2010களின் தொடக்கத்தில் "அல்கிராமோ" என்ற தொழிலைத் தொடங்கினார். "கிராம் கணக்கில்" என்பது அச்சொல்லின் பொருள். சாண்டியாகோ நகரத்துச் சிறு கடைகளில் இயந்திரம் வைத்து, வேண்டிய அளவை மட்டும், திரும்பத் திரும்ப உபயோகிக்கும் பாத்திரத்தில் நிரப்பிக் கொடுத்தார். நம் மளிகைக் கடைப் புனலுக்குத்தான் அங்கே இயந்திர உருவம் கிடைத்தது!

திரும்பி வரும் சீசாக்கள்

பாத்திரத்தை நிரப்புவது ஒரு வழி; காலியைத் திரும்ப வாங்குவது மற்றொரு வழி. கோலி சோடாவை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872ல் உரிமைப் பட்டயம் பெற்ற சீசா அது. உள்ளே அடைத்த வாயு, கண்ணாடிக் கோலியை மேல்நோக்கி நெருக்கி வாயை மூடிவிடும். கடையிலேயே குடித்துவிட்டுச் சீசாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சீசாவின் விலை சோடாவின் விலையைவிட அதிகமாதலால், சோடாக்காரர் அதைக் கண்ணை விட்டு அகல விடமாட்டார். தெருவில் கோலி சோடாச் சீசா குவிந்து கிடந்ததாக எவரும் புகார் சொன்னதில்லை.

இக்காலத்து உதாரணம் ஒன்று, நாம் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. மதுக்கடையைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது; மதுவிலக்கே நம் கொள்கை. ஆனாலும் நல்ல பாடத்தை எங்கிருந்தும் கற்கலாம். நீலகிரிக் காடுகளில் குடிகாரர்கள் வீசியெறிந்த சீசாக்கள் உடைந்து, யானை முதலிய பிராணிகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022 மே மாதம் முதல் அந்த ஜில்லாவின் டாஸ்மாக் கடைகளில் சீசா ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிச் சீசாவைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலான சீசாக்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு ஜில்லாக்களுக்கும் அது பரவிற்று. குடிபோதையில் இருப்பவருக்கே 10 ரூபாய் பொறுப்பைக் கற்பிக்குமானால், தெளிந்த புத்தியோடு குடும்பம் நடத்தும் நம் ஜனங்களுக்கு அது கற்பிக்காதா?

இனிச் செய்யத்தக்கது

கடலூரில் தொடங்கிய யோசனையைக் கடலூர் யோசனையாலேயே நிறைவு செய்யலாம் என்பது நம் கருத்து. பத்துக் காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இனாம் என்று கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஏற்பாடு செய்யட்டும். நாம் முன்பு சொன்ன குடும்பத்துக்கு வருஷத்தில் 41 பாக்கெட்டுகள் இனாமாகக் கிடைக்கும். ஐந்து வாரத் தலைமுழுக்கு இலவசம். சரக்கு வண்டி கடைக்கு வந்து திரும்பும்போது காலியாகத்தானே போகிறது? அதில் உறைகள் போகட்டும்.

சேர்ந்த உறைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும். இன்று நகரங்களில் சேரும் இவ்வகைக் கழிவு, சிமெண்டுச் சூளைகளில் எரிபொருளாகிறது. சாக்கடையில் கிடப்பதைவிட அது மேல். ஆனால் சிறந்த முடிவாகாது. திரும்பி வரும் உறைகளின் சுமை தன் தலையில் விழும்போதுதான், பால் உறையைப்போல் ஒரே பொருளால் ஆன உறையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்ற அவசரம் கம்பெனிக்கு ஏற்படும். செலவு யாரைச் சேருகிறதோ அவருக்குத்தான் யோசனை பிறக்கும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவையும் உண்டு. வசதியுள்ளவர்கள், பாக்கெட் மலிவாக இருந்தாலும் பெரிய கொள்கலனாக வாங்கலாம். அந்த அதிகச் செலவு அவர்களுக்கு ஏற்றது. சீயக்காயும் அரப்பும் அரைத்துவைக்க அவகாசமுள்ள வீடுகளில் அதைவிட உத்தமமான வழி வேறில்லை. மாவு மில்லுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு போகிற நாம், செக்கெண்ணெய்க் கடைக்கும் எவர்சில்வர் தூக்கோடு போகலாம். மாதக் கணக்கு எழுதும் நோட்டில், "என்ன வாங்கினோம்" என்பதோடு "என்ன எறிந்தோம்" என்று ஒரு பத்தியும் சேர்த்துக்கொண்டால், மூன்று மாதத்தில் வீட்டின் போக்குத் தானே விளங்கும்.

ஆனால் தனி மனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதுமென்று எண்ணிவிடக் கூடாது. 1906ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுக்க முன்வந்தது. அப்படியிருந்தும் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள், மலிவு என்பது வேறு, விலை என்பது வேறு என்று அறிந்தவர்கள். ஆயினும் 1908ல் பிள்ளையவர்கள் சிறை சென்றபின் கம்பெனி நிலைக்கவில்லை, 1911ல் கலைக்கப்பட்டது. மக்களின் மனம் மட்டும் இருந்து, அதைத் தாங்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் நல்ல காரியம் நில்லாது என்பதற்கு இதைவிட வருந்தத்தக்க சான்று வேண்டியதில்லை.

ஆகவே, ஏழையின் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டைப் பிடுங்க வேண்டாம். அதைச் செய்து விற்பவர், காலி உறைக்கும் ஒரு விலை வைக்க வேண்டும் என்று கேட்போம். கடைக்காரரிடம் கேட்போம், கம்பெனிக்குக் கடிதம் எழுதுவோம், வார்டு மெம்பரிடமும் சட்டசபை அங்கத்தினரிடமும் கேட்போம். அந்த விலை வந்த அன்று, நம் ஜனங்களுக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதைத் தெருவே சொல்லிவிடும்.